மதத் தலைமை ஒருவரை விலக்கிவைக்கலாமா? போரா வழக்கின் பின்னணி

சபரிமலை தொடர்பான உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு என்று செய்தி வரும்போதெல்லாம் பேச்சு ஐயப்பன் கோயிலோடு நின்றுவிடுகிறது. அந்த அமர்வின் முடிவுக்காகக் காத்திருக்கும் வேறு வழக்குகளும் உண்டு. அவற்றில் ஒன்று 1986இல் தாக்கலானது. தாவூதி போரா என்ற சிறிய முஸ்லிம் சமூகத்தின் சீர்திருத்தவாதிகள் தொடுத்தது. ஒரு மதத் தலைவர் தம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை விலக்கிவைக்கலாமா, விலக்கிவைத்தால் சட்டம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா என்பதே அந்த வழக்கின் சாரம்.

அமைப்பாகத் திரண்ட மதம் மனிதரை வழிநடத்துகிறதா, கட்டுப்படுத்துகிறதா என்று மேடையில் வாதாடுவது எளிது. பக்தர் ஒரு பக்கம், பகுத்தறிவாளர் மறுபக்கம். இருவரும் தத்தம் பாடத்தை ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நீதிமன்றத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. மையவாடி (முஸ்லிம்களின் அடக்கத்தலம்) யார் பெயரில் இருக்கிறது, நிக்காஹ் நடத்த யாருடைய அனுமதி தேவை, தள்ளிவைக்கப்பட்டவரின் கடையில் யார் சரக்கு வாங்குவார்கள் என்று பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள போரா வழக்கைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை என்பேன்.

போராக்கள் யார்?

தாவூதி போராக்கள் ஷியா முஸ்லிம்களின் இஸ்மாயிலி கிளையைச் சேர்ந்தவர்கள். உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ பத்து லட்சம் பேர். பெரும்பாலும் வணிகர்கள். குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றில் அதிகம். கராச்சியிலும் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுக நகரங்களிலும் உண்டு. சென்னையிலும் கொழும்பிலும்கூட நீண்ட காலமாக இருக்கிறார்கள்.

ஷியாக்களுக்கு இமாம் என்பவர் நபியின் வழித்தோன்றலாக வரும் சமயத் தலைவர். இவர்களுடைய நம்பிக்கையின்படி 21ஆவது இமாமான தையிப் 12ஆம் நூற்றாண்டில் மறைவாழ்வுக்குச் சென்றுவிட்டார். இமாம்களின் வரிசை அந்த மறைவிலேயே தொடர்கிறது. இமாம் வெளிப்படும்வரை அவர் சார்பில் சமூகத்தை நடத்துபவர் தாஈ. மரியாதையாக சையத்னா என்பார்கள். யேமனில் இருந்த இந்தத் தலைமை 16ஆம் நூற்றாண்டில் குஜராத்துக்கு இடம்பெயர்ந்தது; இன்றைய தலைமையகம் மும்பை. இப்போதிருப்பவர் 53ஆவது தாஈ.

இந்த இறையியலை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஊர் ஜமாஅத் தலைவரை ஊர்க்காரர்கள் கூடி மாற்றிவிடலாம். தாஈ அப்படிப்பட்டவர் அல்லர். மறைந்திருக்கும் இமாமின் இடத்தில் அமர்ந்திருப்பவர். அவருக்குக் கீழ்ப்படிவதே சமயக் கடமை. எனவே நிர்வாகத்தைக் குறைசொல்வதற்கும் மார்க்கத்தை மீறுவதற்கும் இடையிலான கோடு, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் அளவுக்கு உள்ளே தெளிவாக இல்லை.

மிசாக், ரஸா, பராஅத்

மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் மீதி புரிந்துவிடும்.

மிசாக் என்பது தாஈக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எடுக்கும் உறுதிமொழி. ஆண், பெண் இருபாலரும் பருவமெய்தும் வயதில் எடுக்கிறார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். பதினெட்டு நிரம்பாதவர் போட்ட கையெழுத்து வாடகை ஒப்பந்தத்துக்குக்கூடச் செல்லாத நாட்டில், வாழ்நாள் முழுவதையும் பிணைக்கும் உறுதிமொழி அதற்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

ரஸா என்பது அனுமதி. திருமணம், அடக்கம் முதலான சடங்குகளுக்கு சையத்னாவின் ரஸா வேண்டும். அவர் சார்பில் ஒவ்வொரு ஊரிலும் ஆமில் என்ற பிரதிநிதி இருந்து அதை வழங்குவார்.

பராஅத் என்பது விலக்கம். நம் பக்கத்தில் ஊர்விலக்கு, ஊர்க்கட்டுப்பாடு, தள்ளிவைப்பது என்று சொல்வதற்கு நெருக்கமானது. விலக்கப்பட்டவரோடு மற்ற போராக்கள் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது.

விலக்கப்பட்டால் போவது என்ன?

போராக்கள் விருந்தில் தனித்தனித் தட்டில் சாப்பிடுவதில்லை. தால் என்ற அகன்ற வட்டத் தட்டைத் தாழ்வான முக்காலியில் வைத்து, சுற்றிலும் எட்டுப் பேர் அமர்வார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே மூடியைத் திறப்பார்கள். முதலில் ஒரு சிட்டிகை உப்பு நாவில் படும், பிறகுதான் உணவு. ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் ஒரே தட்டில் கை நனைக்க வைக்கும் ஏற்பாடு இது. இதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. இதே தாலில் உட்கார முடியாமல்போவதுதான் விலக்கத்தின் முதல் அடையாளம்.

அதற்கு மேல் போவதை வரிசைப்படுத்தலாம்:

1. பள்ளிவாசலிலும் சமூகத்துக்குச் சொந்தமான ஜமாஅத்கானா என்ற கூடத்திலும் நுழைவு போகிறது.

2. பிள்ளைகளின் நிக்காஹ் நின்றுபோகிறது. சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறிய கூட்டத்தில், ரஸா இல்லை என்றால் சம்பந்தம் இல்லை.

3. வியாபாரம் போகிறது. சரக்கு கொடுப்பவரும் வாங்குபவரும் கூட்டாளியும் அதே சமூகத்தினராக இருக்கும்போது, ஒரு நாளில் கணக்கு முடிந்துவிடும்.

4. உறவு போகிறது. விலக்கப்பட்டவரோடு பேசும் அண்ணனும் அக்காவும் தாங்களும் விலக்கப்படுவோமோ என்று அஞ்சுகிறார்கள். கணவன் மனைவியே பிரிந்த சம்பவங்களைச் சீர்திருத்தவாதிகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

5. கடைசியாக மையவாடி. செத்த பிறகும் தொடரும் தண்டனை இது ஒன்றுதான்.

இவற்றில் முதலாவதை மட்டும் மதம் சார்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம். மூன்றாவதும் நான்காவதும் மதமா? அங்கேதான் வழக்கு.

"ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்" என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த வரி இதை அச்சாகச் சொல்கிறது. கேட்பவருக்கு அறிவுரையாகவும் மிரட்டலாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் வரி அது.

டப்பாவும் வட்டியில்லாக் கடனும்

தலைமையை வெறும் அடக்குமுறையாகக் காட்டினால் படம் பொய்யாகிவிடும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக போரா வீடுகளுக்குச் சமூகச் சமையற்கூடத்திலிருந்து தினமும் ஒருவேளை உணவு டப்பாவில் போகிறது. எந்த வீட்டிலும் பசி இருக்கக் கூடாது என்பதும், பெண்கள் அடுப்படியிலேயே முடங்கக் கூடாது என்பதும் நோக்கம் என்கிறார்கள். தொழில் தொடங்குபவருக்கு கர்ளன் ஹஸனா என்ற வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. மும்பை பெண்டி பஜாரில் இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய கட்டடங்களை அகற்றி, 16.5 ஏக்கர் பரப்பை மொத்தமாக மீண்டும் கட்டும் திட்டத்தைச் சமூக அறக்கட்டளையே எடுத்து நடத்துகிறது. கல்வியிலும் தொழிலிலும் போராக்கள் முன்னிற்பதற்கு இந்தக் கட்டுக்கோப்பு ஒரு காரணம்.

ஆனால் உணவும் கடனும் வீடும் ஒரே கையிலிருந்து வரும்போது, அந்தக் கையைத் தட்டிவிடுபவர் இழப்பது ஆறுதல் தரும் ஒரு சமயத்தை மட்டும் அன்று. விலக்கம் அடிக்கடி நடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் ஊரில் ஒரு குடும்பத்துக்கு நடந்தால் போதும். மற்ற குடும்பங்கள் அடுத்த தலைமுறை வரைக்கும் நினைவில் வைத்திருக்கும். வழிகாட்டுதலும் கட்டுப்பாடும் இரண்டு வேறு நிறுவனங்களிலிருந்து வருவதாக நினைப்பதால்தான் நாம் குழம்புகிறோம். நன்மை செய்யும் அதே குழாய் வழியாகத்தான் அச்சமும் வருகிறது. வேறுபாட்டைக் காண ஒரே வழி, வெளியே போகிறவருக்கு என்ன விலை என்று பார்ப்பது.

1949 சட்டம், 1962 தீர்ப்பு

விலக்கத்தை எதிர்த்து நீதிமன்றப் படியேறுவது போராக்களிடையே பிரிட்டிஷ் காலத்திலேயே தொடங்கிவிட்டது. புர்ஹான்பூர் தர்கா தொடர்பான வழக்கில் 1947இல் தீர்ப்பளித்த லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றம்), தாஈக்கு விலக்கும் அதிகாரம் உண்டு என்றது. எனினும் அது வரம்பற்றது அன்று, எச்சரித்து, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

அதே 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் தயாரித்த திட்டத்தில் சமூகப் பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தலித்துகள் உரிமை கேட்டால் கிராமம் கூடி வேலையும் தராமல், சாமானும் விற்காமல் அடக்குவதை மனத்தில் வைத்து எழுதியது அது. அந்தத் திட்டம் அரசியல் சாசனத்தில் அப்படியே இடம்பெறவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவு மட்டும் வந்தது.

1949இல் பம்பாய் மாகாண அரசு விலக்கத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. எந்தச் சமூகமும் தன் உறுப்பினரை விலக்கினால் அந்த விலக்கம் செல்லாது. விலக்கியவருக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சாதிப் பஞ்சாயத்துகளுக்கும் சேர்த்தே போட்ட சட்டம். 51ஆவது தாஈயான சையத்னா தாஹிர் சைபுத்தீன் உச்ச நீதிமன்றம் போனார். 1962 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது.

தீர்ப்பைப் புரிந்துகொள்ள அரசியல் சாசனத்தின் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 25ஆவது பிரிவு தனிமனிதருக்கு மதச் சுதந்திரம் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கும் அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற பிரிவுகளுக்கும் அது கட்டுப்பட்டது. 26ஆவது பிரிவு, மதப்பிரிவு ஒன்று தன் மத விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இதுவும் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரத்துக்குக் கட்டுப்பட்டதே. ஆனால் "மற்ற பிரிவுகளுக்கும் கட்டுப்பட்டு" என்ற சொற்கள் இங்கே இல்லை. எழுபது ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் பிழைப்பு நடத்துவது இந்த இடைவெளியில்தான் என்றால் மிகையில்லை.

மத விவகாரம் எது என்று தீர்மானிக்கும் அளவுகோல் சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கில் பிறந்தது. 1951ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து சிரூர் மடத்தின் சுவாமி தொடுத்த வழக்கு அது. ஒரு மதத்தின் இன்றியமையாத கூறு எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே கண்டறிய வேண்டும் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போரா வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் இதைப் பொருத்திப் பார்த்தார்கள். கோட்பாட்டை மீறுபவரை வெளியேற்றுவது மதப்பிரிவின் கட்டுக்கோப்பைக் காக்கும் வழி. ஆகவே அது மத விவகாரம். அதனால் ஒருவரின் சிவில் உரிமைகள் பாதிக்கப்பட்டாலும் 26ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு என்பது அவர்கள் முடிவு. சமய அடிப்படையில் செய்யப்படும் விலக்கத்தையும் சேர்த்துத் தடுத்ததால் 1949 சட்டம் விழுந்தது.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. யார் உறுப்பினர் என்று தீர்மானிக்கும் உரிமை கட்சிக்கு உண்டு, சங்கத்துக்கு உண்டு. மதப்பிரிவுக்கு மட்டும் இல்லை என்றால், அரசு சொல்லும் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு அது எப்படித் தன் கொள்கையைக் காப்பாற்றும்?

மாறுபட்டவர் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா. விலக்கப்பட்டவர் தம் சமூகத்திலேயே தீண்டத்தகாதவர் நிலைக்குத் தள்ளப்படுகிறார் என்றும், மனித கண்ணியத்தைக் காக்கவே இந்தச் சட்டம் வந்தது என்றும் அவர் எழுதினார். ஒருவரின் சிவில் வாழ்க்கையைப் பறிப்பதை மத விவகாரம் என்று கூற முடியாது என்பது அவர் வாதம். என் பார்வையில் சின்ஹா சொன்னதே சரி. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு அவர் தங்கை வீட்டுக் கதவு மூடுவதில்லை.

உதயப்பூரும் 1986 மனுவும்

தீர்ப்போடு விவகாரம் அடங்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ராஜஸ்தானின் உதயப்பூரில், நகராட்சித் தேர்தலில் மதத் தலைமையின் ஆதரவு பெறாத போரா இளைஞர்கள் நின்று வென்றார்கள். வார்டு தேர்தலில் யார் நிற்பது என்பதில்கூட ரஸா வேண்டுமா என்ற கேள்வி அங்கே வெடித்து, ஊரே இரண்டாகப் பிரிந்தது. ஒரே வீட்டில் தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம். இன்றும் உதயப்பூரில் சீர்திருத்தவாதிகள் தனித்த சமூகமாக இருக்கிறார்கள்.

நீதிபதி நத்வானி தலைமையில் ஒரு குடிமக்கள் ஆணையம் சீர்திருத்தவாதிகளின் புகார்களை விசாரித்து 1979இல் அறிக்கை தந்தது. தலைமை அதை ஏற்கவில்லை. சீர்திருத்த இயக்கத்தின் முகமாக விளங்கிய அறிஞர் அஸ்கர் அலி எஞ்சினியர் பலமுறை தாக்கப்பட்டார். தாவூதி போரா மத்திய வாரியம் என்ற சீர்திருத்த அமைப்பு 1962 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி 1986இல் மனு போட்டது. 2013இல் எஞ்சினியர் இறந்தபோது அந்த மனுவுக்கு வயது 27.

மற்ற மதங்களில்

இது போராக்களின் தனிச்சொத்து அன்று. 1077இல் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, போப்பாண்டவர் விதித்த விலக்கம் நீங்குவதற்காகக் கனோசா கோட்டை வாசலில் பனியில் நின்றார். இன்றைய கத்தோலிக்கச் சட்டத்தில் விலக்கப்பட்டவருக்குத் திருவருட்சாதனங்கள் (நற்கருணை போன்ற சடங்குகள்) இல்லை. ஆனால் அவரோடு பேசாதே, கொடுக்கல் வாங்கல் வைக்காதே என்று விசுவாசிகளுக்குச் சட்டம் சொல்வதில்லை. ஒருகாலத்தில் சொன்னது, படிப்படியாகக் கைவிட்டது. மறுபுறம் அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தினர் விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் உண்பதில்லை.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவச் சபை, நீக்கப்பட்டவரோடு பழகுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. கனடாவின் கால்கரி நகரில் அப்படி நீக்கப்பட்ட வீட்டுத் தரகர் ஒருவர், சபையைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் தம்மைக் கைவிட்டதால் தொழில் போயிற்று என்று வழக்காடினார். 2018இல் கனடா உச்ச நீதிமன்றம், இதில் தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தது. நார்வே அரசு வேறு வழியில் போனது: சபையைத் தடுக்கவில்லை, அரசு மானியத்தை நிறுத்தியது. அதையும் 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபைக்குச் சாதகமாக மாற்றியது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. தக்கலையில் கவிஞர் எச்.ஜி. ரசூல் ஒரு கட்டுரைக்காக 2007இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். சாதிப் பஞ்சாயத்து விதிக்கும் ஊர்க்கட்டுப்பாடுகளைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை: தண்ணீர் புழங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, மீறிப் பேசுபவருக்கும் அபராதம், திரும்பச் சேர தண்டம் கட்டி சபையில் விழுந்து எழ வேண்டும்.

விலக்கம் வேறு எதை மறைக்கிறது?

போரா சிறுமிகளுக்குச் செய்யப்படும் கஃப்ஸ் என்ற பிறப்புறுப்புச் சிதைப்பு வெளியே பேசப்பட்டது மிகவும் பிந்தித்தான். அனுபவித்த பெண்களில் பலர் பெயரை மறைத்தே பேசினார்கள். தங்களுக்கு ஆபத்து என்பதைவிட, ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் அண்ணன் கடைக்கும் என்ன ஆகுமோ என்ற கவலையே அவர்களை அடக்கியது. இந்த வழக்கமும் 2017 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. விலக்கம் என்ற ஆயுதம் ஓங்கியபடி நிற்கும்வரை, ஒரு சமூகம் உள்ளுக்குள்ளேயே விவாதித்துத் திருந்திக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஒன்பது நீதிபதிகள் முன்னால் இருப்பது

மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் பகிஷ்காரத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2017இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். புதிய சட்டம் வந்துவிட்டதால் பழைய மனு காலாவதியாகிவிட்டது என்று சையத்னா தரப்பு வாதிட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், 1962 தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்று கூறி, 2023 பிப்ரவரியில் விவகாரத்தை ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

அந்த அமர்வுக்காக வகுக்கப்பட்ட ஏழு கேள்விகளில் போரா வழக்குக்கு உயிரானவை இரண்டு.

1. மதப்பிரிவின் உரிமை, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் தவிர மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் கட்டுப்பட்டதா? ஆம் என்றால், சமத்துவமும் தீண்டாமைத் தடையும் கண்ணியத்தோடு வாழும் உரிமையும் 26ஆவது பிரிவுக்குள் நுழையும். 1962 தீர்ப்பின் அடித்தளம் போய்விடும்.

2. ஒழுக்கநெறி என்பது ஊரார் பார்வையிலான ஒழுக்கமா, அரசியல் சாசனம் கொண்டிருக்கும் நெறியா? பின்னது என்றால், முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும் விலக்கத்தைச் சோதிக்க இன்னொரு வாசல் திறக்கும்.

இரண்டுக்கும் பதில் சீர்திருத்தவாதிகளுக்குப் பாதகமாக வந்தால் 1962 தீர்ப்பு அப்படியே நிற்கும். மகாராஷ்டிரச் சட்டம்கூட அதே தீர்ப்பைக் காட்டி எதிர்க்கப்படலாம். அது தப்பினாலும் அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும், உதயப்பூர்க்காரருக்கு உதவாது. பதில் சாதகமாக வந்தால், மையவாடி, பொதுச் சொத்து, வியாபாரம் ஆகியவற்றில் விலக்கத்தைத் தடுக்கும் சட்டங்களை எந்த மாநிலமும் இயற்றலாம். தொழுகையை யார் முன்நின்று நடத்துவது, யாரை விசுவாசியாக ஏற்பது என்பவை அப்போதும் தாஈயின் கையிலேயே இருக்கும். இருப்பதில் தவறும் இல்லை.